'ஜன்னல் சீட்டு' பாட்டின் ஐந்தாவது ஆள்

பாட்டு அன்று காலைதான் வெளியாகியிருந்தது. எடிட்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், குடித்த டம்ளரைக் கழுவினாள், கழுவிய டம்ளரில் மறுபடியும் தண்ணீர் பிடித்தாள். தான் வெட்டி ஒட்டிய வீடியோவை ஊர் பார்க்கிற நாளில் அவள் எப்போதுமே இப்படித்தான். ஆனால் இதுவரை வெட்டிய எந்த வீடியோவிலும் அவள் தம்பி இருந்ததில்லை.

ஐந்து பையன்கள் சேர்ந்து ஆடிப் பாடும் குழு அது. ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஆடிப் பழகியதால் 'ஐந்தாம் மாடி' என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்கிற வயசு இல்லை. நடுவில் நிற்பவனுக்குக் கொண்டை என்று பெயர். முடியை உச்சியில் முடிந்திருப்பான். மேடையில் விழுகிற கூச்சலில் பாதி அந்த முடிச்சுக்குத்தான். ஓரத்தில், ஐந்தாவதாக நிற்பவன்தான் எடிட்டரின் தம்பி. பாதி மூடியே இருப்பது போன்ற கண்கள். அதனால் மற்ற நாலு பேரும் அவனைத் தூங்கி என்று கூப்பிட்டார்கள். ஐந்து பேரில் நல்ல குரல் அவனுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தக் காலத்தில் பாட்டை எல்லோரும் கண்ணால்தானே கேட்கிறார்கள்.

'ஜன்னல் சீட்டு' அவர்களுடைய முதல் பாட்டு. பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாளா என்று ஐந்து பேரும் ஏங்குவார்கள். அவள் பார்க்க மாட்டாள். அவ்வளவுதான் விஷயம். இதற்காக ஒரு பெரிய கொட்டகைக்குள் எஞ்சின் இல்லாத பஸ் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, வெளியே ஆட்கள் நின்று அதைக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார்கள். பஸ் ஓடுகிறதாம்.

மதியத்துக்குள் விமர்சனங்கள் வர ஆரம்பித்தன. எடிட்டர் ஃபோனைக் கீழே வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். ஒரு பத்திரிகை, மெட்டு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது, எங்கே என்று யோசிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடுவது ஒரு புண்ணியம் என்று எழுதியிருந்தது. இன்னொன்று, வரிகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நாகரிகம் என்று பேசாமல் விட்டிருந்தது. ஆனால் எல்லோருமே வீடியோவை மட்டும் மெச்சியிருந்தார்கள். பாட்டைத் தூக்கி நிறுத்தியது படம்தான் என்றார்கள். ஒருவர் 'வெட்டு ஒவ்வொன்றும் தாளத்தில் விழுகிறது' என்றுகூட எழுதியிருந்தார். அந்த வரியை எடிட்டர் திரும்பத் திரும்பப் படித்தாள். மனுஷ ஜென்மம்தானே, புகழ்ச்சி கசக்குமா?

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை எங்கேயும் இல்லை. திட்டுகூட இல்லை. அதுதான் அவளைக் குடைந்தது.

சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு சிவப்பு நாற்காலிக்காரர் வந்தார். நேரில் இல்லை, ஃபோனில். பாட்டு, படம் என்று எது வந்தாலும் ஒரு சிவப்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பேசி வீடியோ போடுகிறவர் அவர். அவருக்குப் பேர் இருக்கிறது, ஆனால் நாற்காலிதான் பிரபலம். இளவட்டங்கள் பாட்டைக் கேட்கிறார்களோ இல்லையோ, பாட்டைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டுவிடுவார்கள்.

"நாலு பசங்களும் உயிரைக் குடுத்து உழைச்சிருக்காங்க," என்றார் அவர். "அஞ்சாவதா ஒருத்தர் இருக்கார். அவர் எதுக்கு இருக்கார்னு அவருக்கே தெரியலை. பஸ்ஸுல நிஜமாவே தூங்கிட்டார்னு நெனக்கிறேன். அவரை எடுத்துட்டுப் பாருங்க, ஒண்ணும் குறையாது. நான் சொல்லலை, இதை எடிட் பண்ணினவரே சொல்றார். எங்கெல்லாம் மறைக்க முடியுமோ அங்கெல்லாம் மறைச்சு, கெடுதல் வெளிய தெரியாம பாத்துக்கிட்டிருக்கார். அந்த எடிட்டருக்கு ஒரு சலாம்."

எடிட்டர் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். நிமிர்த்தினாள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. அதற்குள் தம்பியின் பாதிக்கண் முகத்தை வெட்டியெடுத்து, 'திங்கட்கிழமை காலையில் நான்', 'மாமனார் அறிவுரை சொல்லும்போது நான்' என்று கண்டபடி எழுதிப் பரப்ப ஆரம்பித்திருந்தார்கள். ஊரெல்லாம் சிரித்தது. அந்த முகம் இருந்த ஷாட்டைத் தேர்ந்தெடுத்து வைத்தவள் அவள்தான்.

அந்த மனிதரை வாய்விட்டுத் திட்டலாம் என்று பார்த்தாள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? சிவப்பு நாற்காலியில் இருந்தது வெறும் அம்பு. எய்தவள் கையில் டம்ளரோடு இங்கே நின்றுகொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். வீடியோவில் பல்லவி வரும் இடமெல்லாம் ஸ்லோ மோஷன். முடி மெல்லப் பறக்கும், காகிதத் துண்டுகள் மிதக்கும், ஆனால் உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும். அதற்கு ஒரு வித்தை உண்டு. படம்பிடிக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விடுவார்கள். பையன்கள் அந்த வேகத்துக்கு வாயசைத்து ஆட வேண்டும். பிறகு படத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் உதடு பாட்டில் வந்து உட்காரும். கேட்க சுலபமாக இருக்கும். செய்து பார்த்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அன்று பஸ்ஸுக்குள் பாட்டு கீச்சுக்கீச்சென்று ஓட, வெளியே ஆட்கள் குலுக்க, நாலு பேரும் வரியைத் தொலைத்துவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். டேக் டேக்காக வீணாய்ப் போனது.

கடைசி டேக்கில் கேமரா பின்சீட்டிலிருந்து முன்னால் வந்தது. கொண்டை இரண்டாவது வரியிலேயே தடுமாறினான். மற்ற மூன்று பேரும் அவனைப் பார்த்துத் தடுமாறினார்கள். தூங்கி ஒருவன்தான் ஒரு எழுத்து விடாமல் பாடிக்கொண்டிருந்தான். பாடிக்கொண்டே கொண்டையின் தோளைத் தட்டி, முகத்துக்கு நேராக வாயசைத்து வரியை எடுத்துக் கொடுத்தான். கொண்டை பிடித்துக்கொண்டான். உடனே தூங்கி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்ணை முழுசாகத் திறந்து சிரித்தான். அந்தக் கண் அவ்வளவு பெரிசு என்று அக்காவுக்கே அன்றுதான் தெரிந்தது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. டைரக்டர் "இதுதான் வீடியோ" என்றார். சொல்லிவிட்டு, மீதியை நீயே பார்த்துக்கொள் என்று அடுத்த வேலைக்காகக் கடல் தாண்டிப் போய்விட்டார்.

அவளும் அந்த டேக்கைத்தான் முதலில் வைத்தாள். முதல் வெட்டைப் பார்க்க வந்த குழுவின் மேனேஜர், அந்த இடம் வந்ததும் காபியை உறிஞ்சிக்கொண்டே, "தம்பிக்கு நல்ல சீட்டா புடிச்சுக் குடுத்துட்டீங்க போல," என்று சிரித்தார். அவ்வளவுதான். சிரித்துவிட்டு அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவள் போகவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மேனேஜரே இப்படிச் சொன்னால் மற்ற நாலு வீட்டிலும் என்ன சொல்வார்கள்?

அவர் படியிறங்குவதற்குள் அந்த டேக்கைத் தூக்கிவிட்டு, மற்ற டேக்குகளில் உதடு பொருந்திய துண்டுகளைப் பொறுக்கி அந்த இடத்தை நிரப்ப ஆரம்பித்தாள். அத்தோடு விட்டாளா? தம்பி நன்றாகத் தெரிகிற ஒவ்வொரு இடமும் அவள் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. இங்கே கொஞ்சம் குறை, அங்கே முதுகு போதும், இந்த இடத்தில் அவன் கண் சிமிட்டுகிறான், பரவாயில்லை இருக்கட்டும். யாரும் அவளைக் கேட்கவில்லை. வெட்டி முடித்தபோது நியாயமாக நடந்துகொண்டுவிட்ட ஒரு திருப்திகூட வந்தது. நியாயம் என்ற பேரில் நடக்கிற அநியாயத்துக்கு அளவே கிடையாது.

சாயங்காலம் அம்மா வந்தாள். ஒரு மருந்துக் கடையில் கவுண்டரில் நிற்கிற வேலை அவளுக்கு. வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு முலாம்பழத்தை மகளிடம் தள்ளினாள்.

"நீ வெட்டு. எனக்குக் கை வலிக்குது."

அந்த வீட்டில் பழம் வெட்டுவதற்கு ஒரு சட்டம் உண்டு. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது சண்டை தாங்காமல் அம்மா போட்ட சட்டம். வெட்டிப் பங்கு வைக்கிறவள் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். மற்றவர்கள் எடுத்தது போக மீந்ததுதான் அவளுக்கு. நல்ல சட்டம்தான், வெட்டுகிற கை தானாகச் சரியாக வெட்டும். ஆனால் எப்போதும் வெட்டியது மூத்தவள். நாளாக ஆக அவள் ஒரு பங்கை வேண்டுமென்றே சின்னதாக வெட்டி அதைத் தனக்கு ஒதுக்கிக்கொள்ளப் பழகிவிட்டாள். அம்மா அதைப் பார்த்து, தங்கமான பெண் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். அன்றும் அப்படித்தான் வெட்டினாள். அம்மா ஒன்று எடுத்தாள். தம்பி எடுக்கவில்லை.

அவன் பால்கனிக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தான். ஃபோனை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைத் தேடிப் போய் எடுத்தான்.

"உக்காருடா. தலை சுத்துது எனக்கு," என்றாள் அம்மா.

"உக்காந்தா தூங்குறேன்னு சொல்வாங்கம்மா," என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அம்மா முகம் கழுவப் போனதும் அவன் அக்கா பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, உண்மையச் சொல்லு. நான் அவ்ளோ மோசமாவா பண்ணியிருந்தேன்?"

"சேச்சே. யாருடா சொன்னது?"

"யாரு சொல்லலை? ஊரே சொல்லுது. எனக்குத் தெரியணும். நீ எல்லா டேக்கையும் பாத்தவ. வேற நல்லது இருந்தா நீ போட்டிருப்பேல்ல?"

அவள் கத்தியைத் துடைத்தாள். துடைத்த கத்தியையே மறுபடியும் துடைத்தாள்.

"அந்தக் கடைசி டேக்," என்றான். "பின்னாடியிருந்து கேமரா வந்துச்சே. அது நல்லா வந்துச்சுன்னு நான் நெனச்சேன்கா. கொண்டைக்குக்கூட நான்தான் வரி எடுத்துக் குடுத்தேன். டைரக்டர்கூட என்னமோ சொன்னாரு. அது என்னாச்சு?"

இந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன, கோபித்துக்கொண்டிருப்பான், கத்தியிருப்பான், பழத்தைச் சாப்பிட்டுப் படுத்திருப்பான். ஆனால் நேருக்கு நேர் அந்தப் பாதிக் கண்ணைப் பார்த்ததும் அவளுக்குப் பொய்தான் வாயில் வந்தது.

"ஃபோகஸ் போயிடுச்சுடா," என்றாள். "எல்லாம் மங்கலா இருந்துச்சு. உபயோகப்படுத்த முடியலை."

"ஓ," என்றான். "அப்போ சரி. அப்போ நான் நெனச்சதுதான் தப்பு. எனக்கு என்னைப் பத்தித் தெரியலை போல."

அதைச் சொல்லிவிட்டு ஒரு துண்டு பழத்தை எடுத்தான். அவள் தனக்கென்று வெட்டியிருந்த சின்னத் துண்டு. பார்க்காமல்தான் எடுத்தான்.

அம்மா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் மேனேஜரின் ஃபோன் வந்துவிட்டது. எடிட்டர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

"கங்கிராட்ஸ் மேடம். வீடியோ பிச்சுக்கிட்டுப் போகுது. ஒரு சின்ன வேலை. டூர்ல மேடைக்குப் பின்னாடி பெரிய ஸ்கிரீன்ல போடணும். அதுக்கு நாலு பேர் மட்டும் வர்ற மாதிரி இன்னொரு வெர்ஷன் வெட்டிக் குடுத்துடுங்க."

"நாலு பேரா?"

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். கெட்ட ஆள் இல்லை, கெட்ட சேதி சொல்லும்போது கனைக்கிறவர்தான். "நீங்களே பாத்தீங்கல்ல, என்ன பேசுறாங்கன்னு. மேல இருக்கறவங்க முடிவு பண்ணிட்டாங்க. தம்பியை நாளைக்கு மதியம் வரச் சொல்லியிருக்கேன். நேர்ல சொல்றதுதான் மரியாதை. நீங்களும் இருந்தா அவனுக்கு ஆறுதலா இருக்கும்."

ஆறுதலாம். கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போடுவார்களாம், பக்கத்தில் அக்கா நிற்க வேண்டுமாம், தூக்கிப் போடுகிற கரண்டியும் அக்கா கையிலேயே இருக்க வேண்டுமாம். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு ஃபோனை வீசியிருப்பாள். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி கிளம்பினாள். அவளுடைய எடிட்டிங் அறை ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது. கீழே துணி துவைக்கும் இயந்திரங்கள் சுழல ஆரம்பித்தால் மேலே மேஜை லேசாக நடுங்கும். கடைசி டேக்கை எடுத்தாள். ஓட விட்டாள். தம்பி தோளைத் தட்டினான், வரியை எடுத்துக் கொடுத்தான், தலையை வெளியே நீட்டினான், கண்ணைத் திறந்தான். முகத்தில் ஒவ்வொரு மயிரும் தெளிவாகத் தெரிந்தது. மங்கலாம்! நாக்கு அழுகிப் போகாதா?

எடுத்த இடத்திலேயே அந்த டேக்கைத் திரும்ப வைத்தாள். ஊர் என்ன சொல்லும் என்று மனசு ஒரு பக்கம் முனகியது. சொல்லட்டும் சனியன் என்றாள் வாய்விட்டு. பல்லவி முழுக்க அந்த ஒரே ஷாட். குறுக்கே ஒரு வெட்டுகூட இல்லை. வெட்டியே பிழைக்கிறவள் வெட்டாமல் விட்ட இடம் அது ஒன்றுதான்.

மதியம் பாட்டை வெளியிட்ட கம்பெனியில் பெரிய ஸ்கிரீன் இருந்த அறையில் மேனேஜர் காத்திருந்தார். தம்பி இன்னும் வரவில்லை. வருவதற்குள் முடித்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

"சார், நாலு பேர் வெர்ஷன் வெட்டலை. இதைப் பாருங்க முதல்ல. பாத்துட்டு எதுவேணா சொல்லுங்க."

விளக்கை அணைத்தாள். பாட்டு ஆரம்பித்தது. ஆரம்ப இசை முடியும்போது கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. தம்பி. உள்ளே வந்து, பேசாமல் சுவரோரம் நின்றுகொண்டான். நிறுத்தலாமா என்று அவள் கை பட்டனுக்குப் போனது. அதற்குள் பல்லவி வந்துவிட்டது.

ஸ்கிரீன் முழுக்கத் தம்பி. சுவரோரம் தம்பி. அவள் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்ததும் மேனேஜர் எழுந்தே விட்டார். "மேடம்! இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாளா இருந்தீங்க? பாட்டே இப்பதான் நல்லா இருக்கு! ஏன் போடலை இதை?"

"முதல் வெட்டுல இருந்துச்சு சார். நீங்கதான்... தம்பிக்கு நல்ல சீட்டா புடிச்சுக் குடுத்துட்டேன்னு சொன்னீங்க."

"நானா?" மேனேஜர் உண்மையாகவே யோசித்தார். "எப்போ? நான் அப்படியா சொன்னேன்? சும்மா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன். அதுக்காகவா தூக்கினீங்க? அட கடவுளே." அவர் தம்பி பக்கம் திரும்பினார். "வாடா வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லக் கூப்பிட்டேன். இப்போ சொல்லலை. அஞ்சு பேருதான். நாலு பேர் போதும்னு சொன்ன மேல இருக்கறவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

எதிலிருந்து தப்பித்தான் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்கும். சந்தோஷப்படவில்லை. இடித்த புளி மாதிரி நின்றான். மேனேஜர் ஃபோனோடு வெளியே ஓடினார்.

எடிட்டர் விளக்கைப் போட்டாள். போட்டிருக்க வேண்டாம்.

"ஃபோகஸ் நல்லாத்தானேக்கா இருக்கு," என்றான் தம்பி.

"டேய், நான் சொல்றதைக் கேளு..."

"நேத்து ராத்திரி பூரா என்ன நெனச்சேன் தெரியுமா? நமக்குப் பாட வரலை போல, வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டே இவ்ளோ நாள் ஏமாந்துட்டோம்னு நெனச்சேன். விட்டுடலாம்னு முடிவே பண்ணிட்டேன். இன்னைக்கு நானே சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"நாலு பேர் தப்பா பேசக் கூடாதேன்னு பாத்தேன்டா. உனக்குத்தான் கெட்ட பேர் வரும். அக்கா எடிட் பண்ணினதாலதான் வந்தான்னு சொல்வாங்க."

"சொல்லட்டுமே. அது அவங்க சொல்றது. இது நீ பண்ணினது." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளும் கத்தியிருப்பாள், சௌகரியமாக இருந்திருக்கும். "கொண்டைக்கு ஒரு ஷாட் நல்லா இருந்தா போட்டே. மத்தவங்களுக்கும் போட்டே. யாரோ ஒரு எடிட்டர் கைல மாட்டியிருந்தா எனக்கும் போட்டிருப்பாங்க. உன் தம்பியா இருந்ததுக்குத்தான் எனக்கு இல்லை."

"வீட்ல எப்பவும் அப்படித்தானேடா. வெட்டுறவ நல்லதை எடுத்துக்க மாட்டா. நமக்குன்னு வரும்போது..."

"வெட்டுறவ கடைசியா எடுக்கணும்னு அம்மா உனக்குத்தான் சொன்னாங்க. எனக்குச் சொல்லலை." அவன் ஸ்கிரீனைப் பார்த்தான். அதில் பஸ் அப்படியே நின்றிருந்தது. "நான் உன் பங்கு இல்லக்கா."

அவன் சொன்னது உண்மை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நல்லவள் என்று பேர் வாங்கிய கையால் இத்தனை வருஷம் சின்னத் துண்டை எடுத்துக்கொண்டவள், கடைசியில் இன்னொருவன் வாழ்க்கையை எடுத்துத் தன் தட்டில் போட்டு, அதையும் சின்னதாக நறுக்கிவிட்டாள்.

மேனேஜர் பல்லெல்லாம் தெரிய உள்ளே வந்தார். "ஓகே சொல்லிட்டாங்க! புது வெர்ஷன் வெளிய விடறோம். மத்த ஷாட்டையும் சரி பண்ணிடுங்க மேடம், அஞ்சு பேருக்கும் சமமா வர்ற மாதிரி. நீங்க உக்காந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்."

"சார்," என்றான் தம்பி. "அதை வேற யாராவது பண்ணட்டும்."

"ஏன்டா? அக்காவைவிட யாரு நல்லா பண்ணுவாங்க?"

"யாரும் பண்ண மாட்டாங்க சார். ஆனா இதை வேற யாராவது பண்ணட்டும்."

மேனேஜர் அக்காவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். கனைத்தார். எடிட்டர், "அவன் சொல்றது சரிதான் சார்," என்றாள். அன்று அவள் பேசியதில் சுலபமாக வராத வார்த்தை அதுதான். தம்பி முதலில் போய்விட்டான். அவனோடு லிஃப்டில் இறங்குகிற தைரியம் இல்லாமல் அவள் படிக்கட்டில் இறங்கினாள்.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. புது வெர்ஷன் வந்தது. பாட்டைக் கிழித்த பத்திரிகையே அந்தப் பல்லவிக்காக இன்னொரு தடவை எழுதியது. சிவப்பு நாற்காலிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த ஐந்தாவது பையனிடம் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது என்று கூசாமல் சொன்னார். சொன்னதைக் கேட்டு அவரே சிரித்துக்கொண்டார். 'திங்கட்கிழமை நான்' என்று போட்டவர்கள் எல்லாம் இப்போது திறந்த கண்ணைப் போட்டு 'வெள்ளிக்கிழமை நான்' என்றார்கள். தூங்கி ஊருக்குப் பிடித்தவன் ஆகிவிட்டான். வீட்டில் அவன் அக்காவோடு பேசத்தான் செய்தான். சோப்பு தீர்ந்துவிட்டது, சாவி எங்கே, அம்மா ஃபோன் அடிக்கிறது. அந்த அளவுக்கு.

ஊர் அறியாதது ஒன்று உண்டு. புது வெர்ஷன் வெளியாவதற்கு முன்னால், படம்பிடித்ததெல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கைமாற்றிய நாளில் நடந்தது.

புது வெர்ஷனை முதலிலிருந்து வெட்டுவதற்காகக் கம்பெனி அனுப்பிய ஆள் வெளியூர்க்காரர். காதில் ஒரு பெரிய ஹெட்ஃபோன், கையில் சாப்பிட்டு முடிக்காத ஒரு பிஸ்கட் பொட்டலம். ஐந்தாம் மாடி என்றால் எந்தக் கட்டடத்தில் என்று கேட்கிற ரகம். சலவைக் கடைக்கு மேலே வந்து அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அவள் பின்னால் நின்றாள். நின்றாள் என்பது பேச்சுக்கு. கால் மாற்றினாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள்.

"எந்த டேக் நல்லது மேடம்? சொன்னீங்கன்னா வேலை சுருக்கமா முடிஞ்சிடும்."

அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கடைசி டேக், அதுதான், அதைத் தவிர எதையும் தொடாதே. கை மவுஸைப் பிடுங்கத் துடித்தது. கையைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே பாருங்க," என்றாள். "உங்களுக்கு எது நல்லா இருக்கோ அதை வைங்க."

அவர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே வரிசையாக ஓட்டினார். வீணாய்ப்போன டேக்குகள் போயின. சிரிப்புகள் போயின. கடைசி டேக் வந்தது. கேமரா பின்சீட்டிலிருந்து கிளம்பியது. தோளில் ஒரு தட்டு, எடுத்துக் கொடுத்த வரி, ஜன்னல், கண். அவர் மெல்லுவதை நிறுத்தினார். பின்னால் போய் மறுபடி ஓட்டினார். கீழே இயந்திரம் சுழன்று மேஜை நடுங்கியது.

"யாரு மேடம் இந்தப் பையன்?"

என் தம்பி என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசை! அந்த நிமிஷத்தில் அதைவிடப் பெரிய ஆசை அவளுக்கு உலகத்திலேயே இல்லை.

"பாடறவர்," என்றாள். "அஞ்சு பேர்ல ஒருத்தர்."